ஊரில் எடுத்த ரத்தம்

என் தலைக்குள் இருந்த கட்டி இப்போது இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்த மாதிரி அனுபவங்களைச் செல்போனில் தேடித் தேடிப் படித்தவன் நான். எழுதியவர் பிழைத்தாரா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். பயந்து பயந்துதான் படிக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் ஸ்கேன் எடுக்க வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணையின் வாய்க்கால் பாயும் இடத்தில் இருக்கிறது. அப்பா மற்றவர்களுடைய கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறார். அம்மா களை எடுக்கப் போவார். அக்கா செல்வி ஆறாம் வகுப்போடு நின்றாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அவர்களும் பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா கரும்பு லோடு அடிக்கும் டிராக்டர் ஓட்டுகிறார். இந்தக் குடும்பத்தில் கல்லூரிவரை போனவன் நான் ஒருவன்தான். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். தினமும் பைக்கில் மலை ஏறி இறங்குவேன்.

முதலில் வந்தது தலைவலி. விடிந்து எழுந்தால் வலி, ஒரு வாந்தி, பிறகு பத்து மணிக்கெல்லாம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். பித்தம் என்று அம்மா இஞ்சிச் சாறு கொடுத்தார். வெறும் வயிற்றில் மலை ஏறுவதால் என்று மாமா சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிறகு ஒருநாள் மலைப் பாதையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ் வளைவில் இரண்டு பஸ்ஸாக வந்தது. எந்தப் பஸ்ஸுக்கு ஒதுங்குவது என்று தெரியாமல் பைக்கை அப்படியே நிறுத்திவிட்டேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா வாத்தியாரே, நடு ரோட்டுல நின்னுகினு தவம் பண்றியா?" என்றார். இரண்டு டிரைவர்கள் என்னைத் திட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

அதே வாரம் வகுப்பில் நான் கரும்பலகையின் மேல் வரியைப் படித்துக்காட்டியபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், நீங்க ஏன் கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையைத் தூக்குறீங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அப்போதுதான் கவனித்தேன். மேலே பார்க்க என் கண் போவதில்லை. மொத்தத் தலையையும் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் சோதித்துக் கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்ட பிறகு இரண்டு பஸ்ஸும் தெளிவாகத் தெரிந்தன.

அக்காதான் என்னை ஒரு கண் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் ஒரு பேனாவை என் முகத்துக்கு நேரே பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். இடம், வலம், கீழே எல்லாம் சரியாகப் போனது. பேனாவை மேலே தூக்கினார். என் கண் போகவில்லை. போக முயன்றபோது இரண்டு விழிகளும் துடித்து உள்ளே இழுத்துக்கொண்டன என்று அக்கா பிறகு சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"இந்தக் கண்ணாடி யாரு குடுத்தது?"

"ஒரு கடையிலங்க."

"கழட்டி வெச்சிடுங்க. உங்க கண்ணு நல்லா இருக்கு. கண்ணை மேலே தூக்கச் சொல்லி உத்தரவு போடற இடம் மூளைக்குள்ள இருக்கு. அந்த இடத்தை ஏதோ அழுத்துது. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது ஜல்லி உடைக்கிற மெஷினுக்குள் தலையை வைத்த மாதிரி இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா, அக்கா, நான். அம்மா அக்காவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார்.

மூளை அறுவை சிகிச்சை டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். மூளையின் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, துவரம்பருப்பு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பீனியல் என்று பெயர். ராத்திரி வந்துவிட்டது, தூங்கு என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. அந்த இடத்தில் எனக்கு நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மூளைக்குள் நீர் போன்ற ஒரு திரவம் எப்போதும் ஊறி ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடுகிற குறுகலான வழியை அந்தக் கட்டி அடைத்துவிட்டது.

அப்பா அதுவரை கைகட்டி நின்றுகொண்டிருந்தவர், "மடையில தழை வந்து அடைச்சுக்கினா தண்ணி பின்னால ஏறுமே, அந்த மாதிரிங்களா அய்யா?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான் பெரியவரே. அப்படி ஏறின தண்ணிதான் தலைவலி, வாந்தி எல்லாம். ராத்திரி படுத்தே கிடக்கறதால காலையில ஜாஸ்தி."

"தழைய எடுத்துட்டா சரியாப் பூடும்ல?"

டாக்டர் படத்தில் அந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் வருகிற கட்டிகளே அபூர்வம், அதிலும் பல வகை என்றார். என் வயது ஆண்களுக்கு வருவதில் முக்கியமான ஒரு குடும்பம் இருக்கிறது. தாய் வயிற்றில் கரு உருவாகும்போது, பிற்காலத்தில் விந்தாகவோ முட்டையாகவோ ஆக வேண்டிய சில அணுக்கள் வழி தவறி மூளைப் பக்கம் போய்த் தங்கிவிடுமாம். பல வருஷம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று வளர ஆரம்பிக்கும்.

"அதுல ஒரு வகை, கதிர்வீச்சு வெச்சா வெல்லக்கட்டி தண்ணியில கரையற மாதிரி கரைஞ்சுடும். இன்னொரு வகை முரடு. லேசில அடங்காது."

"ரெண்டுமே கேன்சர்தானா சார்?" என்று நான் கேட்டேன்.

"ஆமா தம்பி, ரெண்டும் புத்துதான். ஆனா முதல் வகையா இருந்தா, குணமாகறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. மனசை விடாதீங்க."

அன்றிலிருந்து அப்பாவுக்கு உலகத்தில் ஒரே கேள்விதான். கரைகிற கட்டியா, கரையாத கட்டியா? நர்ஸிடம் கேட்டார். லிஃப்டில் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி, "கரையறதாத்தான் இருக்கும் பெரியவரே, கவலப்படாத" என்றார். ஏதோ பெரிய டாக்டரே சொன்ன மாதிரி அப்பா அதற்குப் பிறகு கொஞ்சம் தூங்கினார்.

படுக்கை திங்கட்கிழமைதான் காலியாகும் என்றார்கள். அதுவரை நீரின் அழுத்தம் ஏறாமல் இருக்க மாத்திரை. மயக்கம் வந்தால், வாந்தி கூடினால் அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும். கூடவே இரண்டு சீட்டுகள். ஒன்றில் எல்லாருக்கும் எடுக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனைகள். இன்னொன்றில் அந்தக் கட்டி ரத்தத்தில் விடக்கூடிய இரண்டு பொருள்களின் அளவு. ஊரிலேயே எடுத்து ரிசல்ட்டோடு வந்தால் நேரம் மிச்சம் என்றார்கள்.

மறுநாள் அக்காவும் நானும் கள்ளக்குறிச்சியில் ஒரு லேபுக்குப் போனோம். நான்தான் முதலில் உட்கார்ந்தேன். லேப்காரர் இரண்டு குழாய் நிறைய ரத்தம் எடுத்தார். எழுந்ததும் தலை சுற்றியது. நாங்கள் வந்த ஆட்டோக்காரர் நல்லவர், வண்டியிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா பணம் கட்டிவிட்டு வர நேரமாயிற்று.

"இவ்ளோ நேரம் இன்னாக்கா பண்ண?"

"ஒண்ணுமில்லடா, கூட்டம்" என்று சொல்லிக்கொண்டே புடவைத் தலைப்பைக் கைமேல் இழுத்துவிட்டாள்.

ரிசல்ட் சனிக்கிழமை சாயங்காலம் என் செல்போனுக்கு வந்தது. முதல் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது தாளில், அந்த இரண்டு பொருள்களில் ஒன்று இருக்க வேண்டிய அளவு ஒற்றை இலக்கம் என்று அச்சிட்டிருந்தது. என் பெயருக்கு எதிரே இருந்தது லாரி நம்பர் மாதிரி நீளமாக இருந்தது.

நான் படித்தவன். ஆங்கிலம் தெரியும். தேடிப் பார்த்தேன். அது கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஊறுகிற ஹார்மோன் என்று போட்டிருந்தது. மூளையில் இந்தக் கட்டி உள்ள ஆணுக்கு அது கொஞ்சம் ஏறியிருந்தால் பரவாயில்லை; எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் முரட்டு வகை. ரத்தம் கசிகிற வகை. அதற்குமேல் இருந்ததையும் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

அப்பா வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரிப்போட்டு வந்துதாடா? இன்னா போட்டுகீது?"

"டாக்டர் பாத்துதான்பா சொல்லணும்."

"நீதான் படிச்சவனாச்சே."

"இது டாக்டர் படிப்புப்பா. எனக்குத் தெரியாது."

அவர் நம்பிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன் மட்டுமே என்பது அன்றைக்கு வசதியாகவும் இருந்தது, கொடுமையாகவும் இருந்தது. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அக்கா குழம்பு வாசனை ஆகவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். எனக்காகத்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று நினைத்து, அவளைச் சமாதானப்படுத்துவதற்காகவே நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அப்பா யாரோடு போய்ப் பேங்க்கில் படிவம் எழுதுவார், அம்மாவின் மாத்திரைப் பெயரை யார் படித்துச் சொல்வார் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை வார்டில் படுக்கை கிடைத்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"இது நாம நினைச்ச வகை மாதிரி இல்லை தம்பி. இந்த அளவு இருந்தா கட்டியில கை வைக்க முடியாது, ரத்தம் கொட்டும். தண்ணி இறங்க மட்டும் வழி பண்ணிட்டு, கடுமையான மருந்து ஏத்த ஆரம்பிக்கணும்."

"கரையற கட்டி இல்லீங்களா?" என்றார் அப்பா.

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி தூக்கிப் பிடித்தார். "ஒண்ணு இடிக்குது. இந்த அளவுக்கு ரிப்போர்ட்டு வந்தா படத்துல ரத்தக் கசிவு தெரியணும். சுத்தமா இருக்கு. எதுக்கும் இங்கேயே ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம். நாளைக்குத் தெரிஞ்சுடும்."

அப்பா வராந்தாவில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது, டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பக்கத்தில் அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். நானும் மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் வேகமாக வார்டுக்குள் வந்தார். அவர் பின்னால் இரண்டு சின்ன டாக்டர்கள். கையில் புது ரிப்போர்ட்.

"சக்திவேல், இந்த முதல் ரத்தத்தை எங்க எடுத்தீங்க?"

"கள்ளக்குறிச்சியிலங்க சார்."

"உங்க கையிலதான் எடுத்தாங்களா?"

"ஆமாங்க. ரெண்டு குழாய்."

"ரெண்டு தாளுக்குமா?"

அப்போது என் கால்மாட்டில் நின்ற அக்கா மெதுவாக, "ஏங்க, நான் குடுத்த ரத்தத்துல இன்னாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"நீங்க எதுக்கும்மா ரத்தம் குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஆபரேசனுக்கு முன்னால ஒறவுக்காரங்க ரத்தம் குடுக்கணும்னு இங்க நர்ஸ் அம்மா சொன்னாங்க. தம்பி பயந்துக்குவான்னு அவங்கிட்ட நான் சொல்லல. அந்த லேப்காரரு ரெண்டாவது சீட்டப் பாத்துட்டு, 'உங்களுக்கும் ஒண்ணு எழுதியிருக்காங்கக்கா, உக்காருங்க'ன்னாரு. சரி, அதுக்குத்தான்னு கைய நீட்டிட்டேன்."

டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எடுத்தார். அந்த நீள எண்ணைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று நின்றது.

"ஏம்மா, உங்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கா?"

அக்கா சட்டென்று தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அப்பா உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அலைச்சல்ல தள்ளிப் போவுதுன்னு நெனச்சேங்க..."

"அலைச்சல் இல்லம்மா. இது குழந்தை."

அந்த லேப்காரர் சீட்டில் இருந்த இரண்டு சோதனைகளும் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறவை என்பதால் அது அக்காவுக்குத்தான் என்று தானே முடிவு செய்துகொண்டார். இரண்டையும் ஒரே பில்லில், என் பெயரில் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் எடுத்த என் சொந்த ரத்தத்தில் அந்த ஹார்மோன் லேசாகத்தான் ஏறியிருந்தது. டாக்டர் எதிர்பார்த்த அளவு அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வாயைத் திறந்து, இந்த ரெண்டாவது சீட்டு பொம்பளைகளுக்கு எடுக்கிற டெஸ்ட்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா அங்கேயே, அது என் ரத்தமாச்சேடா என்று சொல்லியிருப்பாள். நான் அவர்கள் பயப்படக் கூடாதென்று மறைத்தேன். அவள் நான் பயப்படக் கூடாதென்று மறைத்தாள். எங்கள் வீட்டில் பாசம் இப்படித்தான் வேலை செய்யும்.

அக்கா அழுதாள், சிரித்தாள், "இருக்கற ரெண்டுக்கே நோட்டு வாங்க முடியல" என்று திட்டினாள். பிறகு மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் டிராக்டர் சத்தத்தில் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னாடி சொல்ற? தம்பிக்குக் கட்டின்னு சொல்லிகினு போன. அங்க போயி உனக்கு இன்னா வந்துச்சின்ற?"

"வண்டிய நிறுத்திட்டுப் பேசு மாமா!"

"நிறுத்திட்டேன். கரும்பெல்லாம் ரோட்டுல கெடக்குது. சொல்லு!"

வார்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தால் தலை இன்னும் வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அப்பா மட்டும் டாக்டரின் பின்னாலேயே வராந்தாவரை போய், "அப்ப அவனுக்குக் கரையறதுதானுங்களே?" என்று கேட்டார். கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்று டாக்டர் சொன்னார்.

ஆபரேஷன் நான் பயந்த மாதிரி இல்லை. முன்னந்தலையில் முடிக்குள் ஒரு சின்னத் துளை. அதன் வழியாகக் கேமரா வைத்த ஒரு மெல்லிய குழலை உள்ளே விட்டு, அடைபட்ட நீர் இறங்கிப் போக வேறொரு இடத்தில் வழி திறந்துவிட்டார்கள். அப்படியே கட்டியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தார்கள். கண் விழித்ததும் எனக்கு முதலில் தெரிந்தது ஓர் அமைதி. பல மாதமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ அணைத்த மாதிரி. மறுநாள் காலை வாந்தி இல்லை. இட்லி சாப்பிட்டேன். அது இட்லி மாதிரியே இருந்தது.

கிள்ளிய துண்டின் முடிவுக்குக் காத்திருந்ததுதான் கொடுமை. முடிவு வந்தது. புற்றுதான், கரைகிற வகைதான். டாக்டர் அதன் பெயரை நான் கேட்டதும் எழுதிக் காட்டினார்: ஜெர்மினோமா. அப்பாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அவர் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். டாக்டர் கூச்சப்பட்டு, "இன்னும் வேலை இருக்கு பெரியவரே" என்றார்.

முதுகெலும்பை ஸ்கேன் செய்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு அந்த நீரையும் எடுத்துப் பார்த்தார்கள். எங்கும் பரவவில்லை. கொஞ்சம் மருந்து, பிறகு கதிர் சிகிச்சை. கதிர் வைக்குமுன் முகத்துக்கு ஒரு கவசம் செய்வார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் போட்டு அழுத்துவார்கள். ஆறினதும் அப்படியே என் மூக்கும் தாடையும் அதில் பதிந்துவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள், தலை மயிரிழை அளவுகூட அசையக் கூடாதென்று. முதல் நாள் மூச்சு முட்டியது. இயந்திரத்தை இயக்குபவர் ஸ்பீக்கரில், "மலையில வாத்தியாராமே நீங்க? கண்ணை மூடிக்கினு வூட்டுலேர்ந்து ஸ்கூல் வரைக்கும் வண்டி ஓட்டுங்க. போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுடறேன்" என்றார். ஓட்டினேன். மலையடிவாரம் தாண்டி முதல் வளைவுகளில் ஏறும்போதே, "எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டார். கதிர் வலிக்காது. சத்தம்கூட அதிகம் இல்லை. அதைத் தெரியாமல் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வலிக்காது என்றாலும் உடம்பை ஓய்த்துவிடும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாய் கசந்தது. சோறு வாசனையே ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகளின் குடும்பங்கள் தங்கும் கூடத்தில் அப்பாவும் நானும் இருந்தோம். அக்கா ஊருக்குப் போய்விட்டாள், அவளுக்கும் மசக்கை. காலையில் போன் போடுவாள்.

"இன்னிக்கி எத்தினி வாட்டி வாந்திடா?"

"ரெண்டு வாட்டிக்கா."

"நான் நாலு. நான்தான் ஜெயிச்சேன்."

"உனக்குப் புள்ள பொறக்கும். எனக்கு இன்னா பொறக்கும்?"

"உனக்கு முடி பொறக்கும், வைடா போன."

பெருஞ்செலவை அரசுக் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது. அந்த அட்டைக்காக ஒரு வருஷத்துக்கு முன்பே அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸில் நாள் முழுக்க நின்றிருக்கிறார். அப்போது நான், இது எதுக்கும்மா நமக்கு என்று சொன்னேன். அட்டை இல்லாதவர்கள் உடனே போய் எடுத்து வையுங்கள். மிச்சச் செலவு பஸ், சாப்பாடு, தங்குவது. அது சின்னதில்லை. மாமா ராத்திரி லோடும் சேர்த்து ஓட்டினார். அப்பாவுக்குச் சமையல் தெரியாது. ஆனாலும் அந்தக் கூடத்தின் பொது அடுப்பில், பக்கத்தில் சமைக்கிற அம்மாக்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் நாள் உப்பு மறந்தார். இரண்டாம் நாள் இரண்டு முறை போட்டார். "சராசரி பாத்தா சரியாத்தான் கீது, குடி" என்றார்.

கதிர் முடிந்து, சில மாதம் கழித்து எடுத்த படத்தை டாக்டர் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பழையதில் வெள்ளையாக உருண்டு நின்ற நெல்லிக்காய் புதியதில் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்பா கிட்டே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் கரைஞ்சிட்டுதுங்களா?"

"கரைஞ்சிட்டுது. இன்னும் சில வருஷம் படம் எடுத்துப் பாத்துகிட்டே இருக்கணும். ஆனா இப்ப ஒண்ணும் இல்லை." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை நீங்க தனியாவே வரலாம் சக்திவேல்."

"நான் வரக் கூடாதுங்களா?" என்றார் அப்பா.

"வரலாம். வரணும்னு கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் அப்பா, "இன்னாடா, சொம்மா என்னைக் கழட்டி வுட்டுட்டாரு" என்றார். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

இதை எழுதக் காரணம் சொல்கிறேன். விடிந்ததும் தலைவலி, வாந்தி, எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிவது, மேலே பார்க்க முடியாமல் போவது, இவை சேர்ந்து வந்தால் இஞ்சிச் சாற்றோடும் கண்ணாடிக் கடையோடும் நிற்காதீர்கள். தலைக்குள் கட்டி என்றதும் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள்; எந்தக் கட்டி என்று கேளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்தால் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது உரக்கப் படியுங்கள். என் கண் முழுசாகச் சரியாகவில்லை; உச்சிவரை இன்னும் போவதில்லை. கொஞ்சம் போகிறது, அது போதும். மறுபடி மலைக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பைக்கை மாமா இன்னும் தரவில்லை.

அடுத்த பரிசோதனைக்குத் தனியாகத்தான் போனேன். கள்ளக்குறிச்சியில் விடியற்காலை பஸ் ஏறினேன். அப்பா பஸ் ஸ்டாண்டுவரை வந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புமுன்பே திரும்பி நடந்துவிட்டார். வாய்க்காலில் எங்கள் பக்கத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாள் அது.

ஆஸ்பத்திரிக் கூடம் எப்போதும்போல நிறைந்திருந்தது. நோயாளி யார், கூட வந்தவர் யார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். பாதி நேரம் கூட வந்தவர் முகம்தான் மோசமாக இருக்கும். பெயர் கூப்பிட்டார்கள். நர்ஸ் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:

"சக்திவேல், கூட யாரு வந்திருக்கீங்க?"

"யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்" என்றேன்.

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.